அரளி நிழலில் படுக்கும் நாய்

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த மறுநாளே பலரும் கைப்பேசியில் தேடுகிறார்கள்: நாய்க்கு ஆகாத பூக்கள் எவை? வருகிற பட்டியலில் டியூலிப் இருக்கும், டாஃபோடில் இருக்கும், ஃபாக்ஸ்குளோவ் இருக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தோட்டம் வைத்திருப்பவருக்கு அதில் பாதி உதவலாம். மதுரையிலும் திருச்சியிலும் வாசலில் நிற்பது அரளி. கொல்லையில் நந்தியாவட்டை, மாடித் தொட்டியில் அடீனியம், வேலியில் ஏறியிருப்பது செங்காந்தள். வெளிநாட்டுப் பட்டியல்களில் இவற்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

அந்தப் பட்டியல்களில் இன்னொரு குறையும் உண்டு. பெயருக்கு எதிரே "நஞ்சு" அல்லது "நஞ்சில்லை" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகின்றன. செடியின் எந்தப் பாகம், எவ்வளவு தின்றால், எத்தனை மணி நேரத்தில் என்ன ஆகும் என்பது தெரியாமல் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. நம் பூந்தோட்டத்தில் ஆபத்து பெரும்பாலும் இதழில் இல்லை. விதையிலும் கிழங்கிலும் பாலிலும் இருக்கிறது. ரோஜா போன்ற சாதுவான செடியின் கீழ், நாம் கையால் அள்ளிப் போட்ட உரத்தில் இருக்கிறது.

அரளி இதற்கு விதிவிலக்கு. அதில் தள்ளிவைக்கக்கூடிய பாகம் என்று ஒன்றே இல்லை. இலை, பூ, பட்டை, வேர், குச்சி எல்லாமே நஞ்சு. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. அரளியில் உள்ள ஒலியாண்ட்ரின் என்ற பொருள் அந்தப் பம்ப்பை அடைத்துவிடுகிறது. செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, துடிப்பு தாளம் தவறுகிறது. முதலில் எச்சில் வடியும், வாந்தி வரும், வயிறு போகும். சில மணி நேரத்தில் நாய் சோர்ந்து படுத்துவிடும். வெறும் வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடும் இடம் இதுதான்.

பச்சை அரளி இலை கடும் கசப்பு. வளர்ந்த நாய் பெரும்பாலும் ஒரு கடி கடித்துத் துப்பிவிடும். சிக்கல் வருவது மூன்று வழிகளில். கவாத்து செய்து மூலையில் குவித்த கிளைகள் காய்ந்தால் கசப்பு குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. இரண்டாவது, அரளிக் குச்சியை வீசி எடுத்துவரச் சொல்லி விளையாடுவது; பட்டையை மென்று சாறு இறங்கினால் போதும். மூன்றாவதுதான் பலருக்கும் தோன்றாதது. செவ்வாய், வெள்ளியில் அம்மனுக்குச் சாத்திய செவ்வரளி மாலையைக் கழற்றித் தரையில் வைக்கிறோம், அல்லது உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூக்களை மிதக்கவிடுகிறோம். பூ ஊறிய தண்ணீரிலும் நஞ்சு இறங்கும். உருளி வாசலில், நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. வெயில் நேரத்தில் நாய் அதைத்தான் முதலில் நக்கும். உருளியில் ரோஜா இதழோ செம்பருத்தியோ மிதக்கட்டும், அரளி வேண்டாம்.

மஞ்சள் அரளி என்றும் பொன்னரளி என்றும் சொல்லும் செடி வேறு இனம், ஆனால் நஞ்சு அதே வகை. இதில் விதைதான் கொடியது. பச்சையாக, முக்கோணம் போலத் தொங்கும் காய்க்குள் கெட்டியான கொட்டை இருக்கும். 1980களிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம், அங்கே அலரி என்று சொல்லும் இந்தச் செடியின் விதையைத் தின்று உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். இந்த நஞ்சு இதயத்தை என்ன செய்கிறது, எதைக் கொடுத்தால் மீட்கலாம் என்பதில் மருத்துவ உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இலங்கை மருத்துவமனைகளில் கிடைத்த பாடம். எதிர்மருந்து உண்டு, ஆனால் மனிதருக்கே எளிதில் கிடைக்காத, விலை மிகுந்த மருந்து அது. நாய்க்கு அது கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பொன்னரளி வைத்திருப்பவர்கள் விழுந்த காய்களை நாள்தோறும் பொறுக்க வேண்டும். குட்டி நாய் இருக்கும் வீட்டில் மரத்தையே எடுத்துவிடுங்கள் என்பேன்.

அடீனியம் இப்போது மாடித் தோட்டங்களின் செல்லப்பிள்ளை. அடி பெருத்து, குட்டை மரம் போல நின்று, கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதுவும் அரளிக் குடும்பம்தான், இதயத்தைத் தாக்கும் அதே வகை நஞ்சுதான். தொட்டியோடு மூன்றடிக்கு மேல் தூக்கி வைக்க முடிவது ஒரு வசதி. ஆனால் வேர் மேலே தெரிய வேண்டும் என்று மறுதொட்டிக்கு மாற்றும் நாளில் வெட்டிப் போடும் வேர்த்துண்டுகள் தரையில் கிடக்கும். அன்று நாயைக் கீழே கட்டிவையுங்கள்.

நர்சரியில் செடி வாங்கும்போது ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்கலாம். பால் வடிந்தால் எச்சரிக்கை. எருக்கு, கள்ளி, பெருங்கள்ளி, நந்தியாவட்டை எல்லாம் பால் செடிகள். இவற்றில் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு எருக்கம்பூ மாலையை நாய் கடித்து உதறும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பால் வராத செடியெல்லாம் நல்லது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அடுத்து வரும் செங்காந்தளில் ஒரு சொட்டுப் பால் கிடையாது.

தமிழ்நாட்டின் மாநில மலர் அது. சங்கப் பாடல்களில் பெண்களின் விரலுக்கு உவமை. விவசாயிகளுக்கு அது கண்வலிக் கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்துதான் கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளை எடுக்கிறார்கள். செல் இரண்டாகப் பிரிவதைத் தடுப்பது அதன் வேலை. உடம்பில் எந்தச் செல் வேகமாகப் பிரிகிறதோ அது முதலில் சாகும்: குடலின் உட்சுவர், பிறகு எலும்பு மஜ்ஜை. தின்று சில மணி நேரத்துக்கு நாய் நன்றாகவே இருக்கும். அதன்பின் ரத்தம் கலந்த வாந்தியும் பேதியும் தொடங்கும். அதில் தப்பினாலும் அடுத்த நாட்களில் வெள்ளணுக்கள் விழும், கிருமித் தொற்று ஏறும்.

கோடையில் இந்தக் கொடி முழுவதும் காய்ந்துவிடும். மேலே ஒன்றும் இருக்காது, செடி செத்துவிட்டது என்றே நினைப்போம். மண்ணுக்கடியில் கலப்பை போல வளைந்த கிழங்கு உயிரோடு உறங்கிக்கொண்டிருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். முதல் மழைக்கு மண் இளகியதும் நாய்க்குத் தோண்டத் தோன்றும். தரைக்கு மேல் எச்சரிக்க ஓர் இலைகூட இல்லாத நேரத்தில் கிழங்கு வாயில் வந்துவிடும். காந்தளை விட மனமில்லாதவர்கள் தரையில் நடாமல் ஆழமான தொட்டியில் வைத்து, மண்ணுக்கு இரண்டு அங்குலம் கீழே கோழிவலையை விரித்து மூடுங்கள். தளிர் வலைக் கண் வழியே ஏறிவிடும், நாயின் நகம் இறங்காது.

பூச்செடி இல்லையென்றாலும் சைகஸைச் சொல்லாமல் விட முடியாது. புல்வெளியின் நடுவே அழகுக்காக நிற்கும், பனைபோல் விரிந்த குட்டைச் செடி. சாகோ பாம் என்று சொல்லி விற்பார்கள். ஜவ்வரிசிக்கும் அதற்கும் தொடர்பு என்று பெயரைக் கேட்டதும் தோன்றும். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. சைகஸின் பெண் செடியில் ஆரஞ்சு நிறத்தில் கொட்டைகள் வரும். நாய்க்கு அவை உருட்டி விளையாடத் தோதானவை. ஒன்றிரண்டு கொட்டைகளே ஒரு நாயைக் கொல்லப் போதும். ஈரலைத் தாக்கும் நஞ்சு இது. முதல் நாள் வாந்தி எடுத்து, மறுநாள் தேறியதுபோல் தெரிந்து, இரண்டு மூன்று நாளில் கண்ணும் ஈறும் மஞ்சளாகும். "நேற்று வாந்தி எடுத்தது, இப்போது சரியாகிவிட்டது" என்று நினைக்கக் கூடாத செடி இதுவே. நாய் இருக்கும் வீட்டில் சைகஸுக்கு இடமே இல்லை என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கொட்டைகளை மட்டும் வெட்டிவிடலாமே என்பார்கள். இலையும் வேரும்கூட நஞ்சுதான்.

ஊமத்தையும், மலைப் பக்கங்களில் பெரிய மணிபோல் தலைகீழாகத் தொங்கும் அதன் உறவுச் செடியும் நரம்பைத் தாக்கும். கண்ணின் பாவை விரியும், வாய் வறளும், நாய் இல்லாததைப் பார்த்துக் குரைக்கும், தள்ளாடும். உன்னிச்செடியின் பச்சைக் காய் வயிற்றையும் ஈரலையும் கெடுக்கும். அதில் அதிகம் சாவது ஆடுமாடுதான்.

நித்தியகல்யாணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்படும் இந்தச் செடியில் வின்கிறிஸ்டின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் வரும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் கட்டிக்கு மருத்துவர் வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஊசிமருந்து அதுதான். பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் குணமாகிவிடுகின்றன. அதே செடியை நாய் கொத்தாகத் தின்றால் வாந்தி, பேதி, தள்ளாட்டம். ஒன்றிரண்டு பூவைக் கடித்ததற்குப் பதற வேண்டாம். செடியையே மேய்கிற குட்டி என்றால் வேலி போடுங்கள்.

மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, ஆந்தூரியம், பீஸ் லில்லி நான்கும் ஒரே வகை. சேம்பும் கருணைக் கிழங்கும் ஏன் நாக்கை அரிக்கிறதோ அதே காரணம்: ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கடித்த நொடியே வாய் எரிவதால் நாய் அதிகம் தின்னாது. முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும், எச்சில் ஊற்றும். வாயை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் குளிர்ந்த தயிரை நக்கக் கொடுத்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். தொண்டை வீங்கி மூச்சு இழுத்தால் மட்டும் ஓட வேண்டும்.

லில்லி என்றதும் பூனை வளர்ப்போர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. உண்மையான லில்லி பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நாய்க்கு அந்த வினை நேர்வதில்லை. நாய்க்கு வயிற்றுக் கோளாறோடு போகும். ஆனால் ஸ்பைடர் லில்லி, மழை லில்லி போன்றவற்றின் வெங்காயம் போன்ற கிழங்கு கடும் வாந்தியைக் கிளப்பும். சாமந்தி தின்றால் எச்சில், வாந்தி, சில நாய்களுக்குத் தோலில் அரிப்பு. செண்டுமல்லி அதைவிடச் சாது.

மல்லிகை, முல்லை, ஜாதி, பிச்சி நான்கும் நாய்க்கு நஞ்சில்லை. ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூவும் அப்படியே; நிறையத் தின்றால் வயிறு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். காகிதப்பூவில் முள்ளைத் தவிர அஞ்ச ஒன்றுமில்லை. சங்குப்பூ நல்லது, அதன் விதையும் வேரும் பேதி கொடுக்கும். இரவு ராணியை மல்லி வகையில் சேர்த்துவிடாதீர்கள். அது கத்திரி, ஊமத்தைக் குடும்பம், அதன் வெள்ளைக் காய் நஞ்சு.

மல்லிகைச் சரத்தில் பூவைவிட நூல்தான் பகை. வாழைநாரில் கட்டிய சரம் என்றால் பெரிய கவலையில்லை. இப்போது கடையில் வருவது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர் நூல். நாய் சரத்தை முழுசாக விழுங்கினால் நூலின் ஒரு முனை எங்காவது சிக்கிக்கொள்ளும். குடல் அதைத் தள்ளத் தள்ளச் சுருக்குப் பை போல மடிந்து, நூல் அதை உள்ளிருந்து அறுக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. வெளியே தெரிவதை மட்டும் வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாடிய சரத்தை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுவது இவ்வளவையும் தவிர்க்கும்.

இனி உரம். சாதுவான ரோஜாத் தொட்டி ஆபத்தான தொட்டியாக மாறுவது இங்கேதான். ரோஜாவுக்கு எலும்புத் தூள் போடச் சொல்வார்கள். நாய்க்கு அது மண்ணில் புதைத்த விருந்து. தோண்டித் தோண்டித் தின்னும். எலும்புத் தூள் தனியாக இருந்தால் வயிற்று வலியோ அடைப்போ வரும். அதோடு ஆமணக்குப் புண்ணாக்கைக் கலந்தால் கதை வேறு. ஆமணக்கு விதையின் ரிசின் எண்ணெயில் வருவதில்லை, பிழிந்த பிறகு சக்கையிலேயே தங்கிவிடுகிறது. நன்றாகச் சூடுபடுத்தாத புண்ணாக்கில் அந்த நஞ்சு அப்படியே இருக்கும். தின்று பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியும் ரத்தப் பேதியும் வரும். அதனால் வீட்டார் நேற்றைய சாப்பாட்டைச் சந்தேகிப்பார்களே தவிர, காலையில் போட்ட உரத்தை நினைக்க மாட்டார்கள். வேப்பம் புண்ணாக்கு, மண்புழு உரம், மக்கிய சாணம் போதும். நாய் இருக்கும் தோட்டத்துக்கு ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டை வரவே கூடாது.

பூச்சியைக் கொல்ல வேரடியில் போடும் குருணை மருந்து இன்னும் கொடியது. ஃபோரேட் குருணையை இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்தார்கள். பழைய பொட்டலம் உங்கள் வீட்டு ஷெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எலும்புத் தூளோடு கலந்து வேரடியில் போட்டால் நாய் இரண்டையும் சேர்த்தே நக்கும். எச்சிலும் கண்ணீரும் ஒழுகும், சிறுநீர் தானாகப் போகும், தசை துள்ளும், கண்ணின் பாவை கடுகுபோல் சுருங்கும். ஊமத்தைக்கு நேர் எதிர்: அங்கே வறட்சி, இங்கே ஒழுகல், அங்கே பாவை விரியும், இங்கே சுருங்கும். மருத்துவர் குருணை நஞ்சுக்கு முறிவாக ஏற்றும் அட்ரோபின், ஊமத்தையிலேயே இருக்கும் பொருள்தான். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணை தவிட்டு வாசனையோடு இருப்பதால் நாய் தேடிப் போகும். மூன்று மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். மழைக்காலத்தில் நத்தையைக் கையுறை போட்டு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

நாய் எதையோ தின்றுவிட்டது என்று தெரிந்தால் முதல் வேலை வாயிலிருப்பதை எடுப்பது, அடுத்து ஈரத்துணியால் துடைப்பது. பிறகு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செடியின் இலை, பூ, காயோடு ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாந்தியையும் படம் எடுங்கள். நாயின் எடை தெரிந்திருக்க வேண்டும், மருந்தின் அளவெல்லாம் அதை வைத்துத்தான். போகும் வழியில் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பின்தொடையின் உட்பக்கம் இரண்டு விரலை வைத்து 15 நொடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். நடுத்தர நாய்க்கு நிமிடத்துக்கு 70 முதல் 120 வரை இயல்பு. அரளி தின்ற நாய்க்கு அது 60க்குக் கீழே இறங்கினாலோ, விட்டு விட்டு அடித்தாலோ மருத்துவமனை வாசலிலேயே அதைச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை வீட்டுக்கு வீடு மாறாமல் இருக்கின்றன. உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி வரவைப்பது அதில் முதல். வாந்தி வராவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். சோப்புத் தண்ணீர் நுரைத்து நுரையீரலுக்குள் போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசலை, மருத்துவர் சொன்னால் மட்டும், கிலோவுக்கு 2 மில்லி என்று கொடுப்பதுண்டு; நம் மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், அது இரைப்பையைப் புண்ணாக்கும். நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது இளநீர். அதில் பொட்டாசியம் அதிகம். அரளி தின்ற நாயின் ரத்தத்தில் ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கிறது. அன்போடு கொடுக்கும் இளநீர் நெஞ்சை நிறுத்திவிடலாம்.

கரி மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நஞ்சை உறிஞ்சும் கரி நல்ல மருந்துதான், ஆனால் அளவு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். 15 கிலோ நாய்க்கு 15 முதல் 30 கிராம். 250 மில்லிகிராம் மாத்திரை என்றால் 60 முதல் 120 மாத்திரை வேண்டும். இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் நேரம்தான் வீணாகும். அடுப்புக் கரி அந்த வேலையைச் செய்யாது. வாந்தி வரவைப்பது முதல் ஒன்று இரண்டு மணி நேரத்தில்தான் பயன் தரும். அதனால் அந்த நேரத்தைச் சாலையில் செலவிடுங்கள், சமையலறையில் அல்ல. அருகில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். சென்னையில் வேப்பேரி, வெளியே நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே இரவு நேர வசதியைக் கேட்டு வையுங்கள்.

கடைசியாக, கவாத்துக் கழிவு. அரளியை வெட்டிய கிளைகளைச் சுவருக்கு வெளியே தெருவில் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. தெருநாய்க் குட்டிகள் அதன்மேல்தான் படுக்கும், அந்த வழியாக வரும் ஆடு அதைத்தான் இழுக்கும். எரிக்கவும் கூடாது, புகையிலும் நஞ்சு உண்டு. ஓர் அடி நீளத்துக்கு நறுக்கி, கோணிச் சாக்கில் அடைத்து, வாயைத் தைத்து, குப்பை வண்டிக்காரரிடம் "அண்ணா, இது அரளி, பிரிக்க வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். வெட்டிய கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு நாயை அவிழ்த்துவிடலாம்.